மொந்தெவெல்லா வம்சத்து ட்ராம் ஓட்டுநர்

மியூனிக்கில் கீசிங் பகுதியில், எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்தெருவில், நாலாம் மாடியில் எத்தோரே மொந்தெவெல்லா என்று ஒருவர் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் இந்த நகரத்தில் ட்ராம் ஓட்டியவர். இப்போது ஓய்வூதியத்தில் இருக்கிறார். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. அவர் என் மகளுக்கு மாமனாராக வரப்போகிறவர். அதனால்தான் அவருடைய கதை எனக்குத் தெரிய வந்தது. இல்லாவிட்டால், படியில் எதிர்ப்பட்டால் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லும் ஒரு கிழவர் என்பதற்கு மேல் நானும் ஒன்றும் அறிந்திருக்கமாட்டேன்.

எங்கள் கோயிலில் ஞாயிறு காலையில் இத்தாலியருக்குப் பூசை. மாதத்தில் ஒரு ஞாயிறு, அவர்கள் முடித்துப் போனபிறகு, தமிழருக்கு. அவர்கள் கலைந்து வெளியே வர, நாங்கள் பூவும் சுரப்பெட்டியுமாக உள்ளே போவோம். எல்லாரும் போன பிறகும் கடைசி வாங்குப் பலகையில் இவர் மட்டும் இருப்பார். கால் வலிக்கிறது, சனம் இறங்கட்டும் என்று இருக்கிறார் என்று நான் நினைத்தேன். பிறகு பார்த்தால், எங்கள் பூசையும் முடியுமட்டும் இருப்பார். மனைவி டொச்சுக்காரி, ஜெர்மன் நாட்டவ, புற்றுநோயில் காலமாகிவிட்டா. வீட்டில் போய்த் தனியே இருப்பதைவிட, விளங்காத பாசையில் ஒரு பூசை கேட்பது நல்லது என்று நினைத்தாராம். அவரைக் கூட்டிப் போக வருகிற மகன் மத்தேயோ, கார்ஹிங்கில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன். என் மகள் ஜெசிகா பாடகர் குழுவில் சுரப்பெட்டி வாசிக்கிறவள். தகப்பனைக் கூட்டிப்போக வந்தவன் தகப்பனோடு சேர்ந்து இருக்கத் தொடங்கினான். மிச்சத்தை நான் எழுதத் தேவையில்லை.

என் கணவர் காலமான பிறகு, எங்கள் வீட்டில் எதற்கும் முன்னுக்கு நிற்பது என் அண்ணை மரியநாயகம். எர்லாங்கனில் இருக்கிறார். ஒரு கம்பனிச் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல் வேலை. ஆனால் இந்தப் பக்கத்துத் தமிழர் அவரை அறிந்தது வேறு விதத்தில். யார் வீட்டில் இழவு நடந்தாலும், அறிவித்தல் எழுதுவது அண்ணைதான். கலியாணக் கார்ட்டும் அவர்தான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட, இன்னாரின் மகன் என்று எழுதினால், ஒரு சொல்லும் பிசகாது. அதனால் ஆட்களின் பூர்வீகம் முழுவதும் அவருக்கு மனப்பாடம்.

ஜெசிகாவின் விசயத்தை ஃபோனில் சொன்னபோது, அவர் கோபிக்கவில்லை. எனக்கு அதுவே ஆறுதல்.

"வெள்ளைக்காரப் பெடியன் எண்டால் சரி. காலம் அப்பிடி. ஆனால் ஆற்ற ஆக்கள், என்ன பகுதி, காணி பூமி ஏதும் இருக்கோ எண்டு விசாரிக்காமல் பெட்டையைக் குடுக்கேலாது பிள்ளை."

"அண்ணை, அந்த மனுசன் ட்ராம் ஓட்டினவர்."

"ட்ராம் ஓட்டினால்? ட்ராமிலையோ பிறந்தவர்?"

அடுத்த சனிக்கிழமையே வந்துவிட்டார். பட்டுச் சால்வை, பயத்தம் பணியாரம், வாழைப்பழம், பூ என்று தட்டுகளை அடுக்கிக்கொண்டு நாங்கள் அந்த நாலாம் மாடிக்கு ஏறினோம். அந்த வீட்டில் லிஃப்ட் இல்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது அண்ணைக்கு மூச்சு வாங்கியது. கதவில் வெறும் மொந்தெவெல்லா என்று ஒரு சின்னத் தகடு. உள்ளே இரண்டு அறை, ஒரு குசினி. எத்தோரே கோட் போட்டு, பழைய வேலைக்காலத்துக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நின்றார். குசினி மேசையைச் சுற்றி இருந்தோம். பணியாரத்தை ஒன்று எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அண்ணைக்கு டொச் நன்றாகவே வரும். ஆனால் முக்கியமான கதையை டொச்சில் கதைக்கக்கூடாது என்பது அவருடைய எண்ணம். தமிழில் கேட்டார். ஜெசிகா மொழிபெயர்க்க வேண்டும்.

"கேளம்மா, இவையின்ர பூர்வீகம் என்ன எண்டு."

"மாமா, இப்பிடியெல்லாம் இஞ்ச ஒருத்தரும் கேக்கிறேல்லை."

"இஞ்ச கேக்கிறேல்லை எண்டுதான் நான் கேக்கிறன். நீ சொல்லு, அவ்வளவுதான்."

அவள் முகம் சிவந்து, ஏதோ சுருக்கிச் சொன்னாள். மத்தேயோ சிரித்தான். அவனுடைய தகப்பன் சிரிக்கவில்லை. அண்ணையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இனி அவர் சொன்னதெல்லாம் டொச்சில். நான் எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

"இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் என்னிடம் இதை ஒருவரும் கேட்கவில்லை" என்றார். "என் மாமனார்கூடக் கேட்கவில்லை. நிரந்தர வேலையா என்று மட்டும் கேட்டார்."

எழும்பி மற்ற அறைக்குப் போனார். அலுமாரியை நகர்த்தும் சத்தம் கேட்டது. மத்தேயோ உதவிக்குப் போனான். இருவருமாக ஒரு சுருட்டிய துணியைக் கொண்டுவந்தார்கள். மேசையில் விரித்தால் மேசை போதவில்லை. ஒரு மரம் வரைந்திருந்தது. கீழே வேரில் ஒரு வீரன் படுத்திருக்கிறான். அவனுடைய நெஞ்சிலிருந்து மரம் புறப்பட்டு, கிளை கிளையாகப் போய், ஒவ்வொரு இலையிலும் ஒரு பெயர். மேலே போகப் போக இலைகள் குறைந்து, ஒரு பக்கத்தில் தனியே ஒரு கொப்பு. அதன் நுனியில் பென்சிலால் எத்தோரே என்று எழுதியிருந்தது. அதற்கு மேலே மத்தேயோ என்பதும் பென்சிலால்தான்.

"எல்லாருக்கும் ஒரே கடைசிப் பெயரோ?" என்று அண்ணை வியந்தார். எங்களுக்குத் தகப்பன் பெயர்தான் பின்னால் வருவது. ஒரு தலைமுறையோடு அது மாறிப்போகும். பாட்டனுக்கு மேலே பெயர் கேட்டால் எனக்கே தெரியாது.

"பெயர் ஒன்றுதான். ஆள்தான் மாறும்" என்றார் எத்தோரே.

பிறகு ஆதனங்களைச் சொன்னார். வட இத்தாலியில் மொந்தெவெல்லா என்ற குன்று, அதன்மேல் கோட்டை. கீழே ஆற்றோரம் நெல்வயல்கள். அவ்விடத்திலும் நெல் விளைகிறது என்று அன்றுதான் எனக்குத் தெரியும். ஒரு அரைக்கும் ஆலை, கஷ்கொட்டை மரக்காடு, ஏரிக்கரையில் ஒரு மாளிகை. பிரபுக்களில் அவர்களுடைய பட்டம் மார்க்கேஸே. அவருடைய தகப்பன் வரைக்கும் ஊரில் அந்தப் பெயரால்தான் அழைத்தார்களாம்.

"வயல் எத்தினை பரப்பு வரும்?" அண்ணை முன்னுக்கு வந்து இருந்தார்.

பரப்பு எங்கள் ஊர்க் காணிக் கணக்கு, ஜெசிகாவுக்கு அது என்னவென்று தெரியாது. எத்தோரே கையை விரித்து, கண்ணுக்கெட்டிய தூரம் என்று காட்டினார்.

"அதெல்லாம் இப்ப எங்க?"

"வயல்கள் என் பாட்டனின் சகோதரிகளோடு போயிற்று. ஒவ்வொருத்திக்கும் கலியாணத்தின்போது ஒவ்வொரு பண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும். நிறையச் சகோதரிகள்."

ஜெசிகா சொல்லி முடிக்க முன்னமே அண்ணை மேசையில் தட்டினார். "பாத்தியளோ, அங்கயும் சீதனம். இவை எங்கட ஆக்கள்தான்."

ஆலையை வெள்ளம் கொண்டு போனது. காடு போர்க்காலத்தில் விறகாகப் போனது. மாளிகையைக் கன்னியாஸ்திரீகளுக்கு எழுதிவிட்டு ஒரு பெரியப்பா செத்தார். கோட்டையைத் தகப்பன் விற்றார். இப்போது அது ஹோட்டல். மிஞ்சினது குன்றின் அடியில் ஒரு சின்னக் கோயில். குடும்பத்துக்கென்று கட்டினது. அதன் நிலத்துக்குக் கீழேதான் அந்த மரத்தில் உள்ள எல்லாரும் அடக்கம். அது மட்டும் எத்தோரே பெயரில் இருக்கிறது. கூரை ஒழுகுகிறது. திருத்து, இல்லாவிட்டால் கைவிடு என்று அந்த ஊர் நிர்வாகம் சொல்லிவிட்டது. ஹோட்டல்காரர் வாங்க நிற்கிறார். ஒக்டோபர் முடிவதற்குள் எத்தோரே பதில் சொல்ல வேண்டும்.

"எனக்குக் களைப்பாக இருக்கிறது. கொடுத்துவிடுவோம் என்றுதான் யோசிக்கிறேன்" என்றார்.

அண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"விக்கிறதோ? சொந்தக் கோயிலையோ? ஜெசிகா, நல்லாச் சொல்லு. அதை விக்கவே கூடாது. கலியாணம் அங்கதான். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக் கோயிலில கலியாணம் எண்டு கார்ட் அடிச்சால், இந்த யூரோப்பிலையே ஒருத்தருக்கும் இல்லாத கலியாணமாயிருக்கும். இப்பிடிக் குடும்பமெண்டால் எனக்கு முழுச் சம்மதம்."

ஜெசிகா முழுவதையும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அண்ணையின் முகத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. எத்தோரே மகனைப் பார்த்தார். மகன் ஜெசிகாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தகப்பன் கையிலிருந்த பணியாரத்தின் மிச்சத்தை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

"நல்லது" என்றார். "கோயிலைத் திருத்துகிறேன்."

கோயில் இல்லையென்றால் பெண் இல்லை என்று அவர் அந்த மேசையில் விளங்கிக்கொண்டார். எனக்கு அது அப்போதே புரிந்திருக்க வேண்டும். அண்ணை சம்மதித்துவிட்டார் என்ற நிம்மதியில் நான் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடை முழுவதும் எத்தோரே பஸ் ஏறி ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப்பக்கம் போய்ப் போய் வந்தார். வெள்ளிக்கிழமை போனால் செவ்வாய் வருவார். மேசன் ஒருவரையும் அந்த ஊர்ச் சொந்தக்காரர் ஒருவரையும் வைத்து ஓடு மாற்றுகிறேன் என்றார். ஓட்டைச் சுமப்பது யார், ஏணியில் ஏறுவது யார் என்று நான் கேட்கவில்லை. ஊருக்குப் போகாத ஒரு ஞாயிறு பூசைக்கு வந்தார், வலது கை கட்டுப் போட்டிருந்தது. இன்னொரு ஞாயிறு பூசைக்கிடையில் வாங்கில் சரிந்து நித்திரையாகிவிட்டார். எங்கள் ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா கேக்கிறார் இல்லை. நானும் ஜெசிகாவும் இஞ்ச பங்குக் கோயிலிலயே முடிக்கிறம் எண்டு சொன்னன். உனக்கு ஒண்டும் விளங்காது எண்டு சொல்றார்" என்று மத்தேயோ என்னிடம் டொச்சில் முறையிட்டான். பாவம், அவனுக்கும் அலைச்சல்.

நான் பாலர் பாடசாலையில் துப்புரவு வேலை செய்கிறவள். மத்தியானத்தோடு வேலை முடியும். வழியில் அவருடைய வீட்டுக்கு ஏறி, சூப்போ புட்டோ கொடுத்துவிட்டு வருவேன். அப்படி இருந்து கதைத்ததில்தான் அவருடைய மிச்ச வாழ்க்கை எனக்குத் தெரிய வந்தது. தகப்பன் கோட்டையை விற்ற பிறகு, தாய் தகப்பனும் அவரும் அதே கோட்டைக்குப் பின்னால் வேலைக்காரர் இருந்த அறைகளில் வாடகைக்கு இருந்தார்களாம். பட்டம் மட்டும் மிஞ்சியது. ஊர்ச்சனம் மார்க்கேஸே என்று குனிந்து வணங்கிவிட்டு, கடைக்காரரிடம் போய்ச் சிரிக்கும். அது பொறுக்காமல் பதினெட்டு வயதில் மியூனிக்குக்கு வந்துவிட்டார். ஒலிம்பிக் விளையாட்டுக்காக நகரம் முழுவதும் தோண்டிக்கொண்டிருந்த காலம். சுரங்கப்பாதையில் மண் அள்ளினார். பிறகு ட்ராம் ஓட்டப் படித்தார்.

"இங்கே நான் எத்தோரே. அது எவ்வளவு நல்லது தெரியுமா?" என்றார். "ஒரு முறை வேலையிடத்தில் எப்படியோ ஒருவனுக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு அறைக்குள் நான் போனால் எல்லாரும் எழும்பி நின்று கும்பிடுவார்கள். பகிடிக்குத்தான். நான் வேறு டிப்போவுக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டேன்."

"பிறகு ஏன் அண்ணைக்குச் சொன்னீங்கள்?"

"அவர் பகிடிக்குக் கேட்கவில்லையே. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்."

 கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

ஓகஸ்டில் அண்ணை கார்ட்டின் மாதிரியை அச்சகத்திலிருந்து எடுப்பித்து எனக்கு அனுப்பினார். மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்டி, சரியென்றால் சொல்லச் சொன்னார். தங்க எழுத்து. மேலே மாதா படம். மாப்பிள்ளை பகுதியில் அண்ணை தன் கைவரிசை முழுவதையும் காட்டியிருந்தார். வட இத்தாலி மொந்தெவெல்லாக் கோட்டையைப் பூர்வீகமாகவும், ஆற்றங்கரை நெல்வயல்கள், அரைக்கும் ஆலை, கஷ்கொட்டைக் காடு, ஏரிக்கரை மாளிகை ஆகியவற்றைப் பரம்பரை ஆதனமாகவும், மியூனிக்கை வதிவிடமாகவும் கொண்ட மார்க்கேஸே எத்தோரே மொந்தெவெல்லா பிரபு அவர்களின் ஏக புத்திரன் திருநிறைச்செல்வன் மத்தேயோ என்று போனது. கலியாணம் நடக்கும் இடம், மொந்தெவெல்லா குடும்பத்தாரின் சொந்த ஆலயம்.

நான் அதைக் கொண்டுபோன அன்று எத்தோரே கட்டிலில் இருந்தார். முழங்காலில் ஐஸ் பை வைத்திருந்தார். ஒரு முழங்கால் மற்றதைவிட இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. ஏணியில் கால் தவறியதாம். பெரிதாக ஒன்றுமில்லை என்றார்.

"வாசியுங்கள்" என்றார்.

வாசித்தேன். அவருக்கு விளங்காது. ஆனால் இடையிடையே மொந்தெவெல்லா, மார்க்கேஸே என்று வந்தபோது தலையை நிமிர்த்தினார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். நான் எனக்குத் தெரிந்த டொச்சில் சொன்னேன்.

"கோட்டையா? அதில் இப்போது ஜப்பானியர் வந்து தங்குகிறார்கள். வெட்டுங்கள்."

பையில் இருந்து பேனாவை எடுத்து வெட்டினேன்.

"நெல்வயலா? பாட்டனின் சகோதரிகளோடு போனது. அவர்களுடைய பெயர்கூட மறந்து போச்சு. வெட்டுங்கள். ஆலை தண்ணீரில் போனது. காட்டை என் பாட்டன் விறகாக எரித்தார். மாளிகையில் கன்னியாஸ்திரீகள்கூட இப்போது இல்லை."

வெட்டிக்கொண்டே வந்தேன்.  அண்ணை எவ்வளவு ஆசையாக எழுதினது.

"மார்க்கேஸே?"

"அதையும்."

"பிரபு எண்டு ஒரு சொல் கிடக்கு."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "அது என்ன?"

"அதுவும் அதே மாதிரித்தான்."

"வெட்டுங்கள்."

கடைசியில் கோயில் மிஞ்சியது. நான் அதைச் சொல்லிவிட்டுப் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.  ஐஸ் உருகிப் படுக்கையை நனைத்தது. நான் ஒரு துவாயை எடுத்து வைத்தேன். பிறகு டொச்சு முறையில் என் பெயரைச் சொல்லி, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஃப்ராவ் பேர்பெச்சுவா, கோயில் இல்லையென்றால், நீங்கள் பிள்ளையைத் தருவீர்களா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்த ஓடுகள், கைக்கட்டு, பஸ் பயணம் எல்லாம். இந்த மனிதர் எங்களுக்குப் பயந்துகொண்டுதான் கூரையில் ஏறியிருக்கிறார்.

"ஓம்" என்றேன். "அவள் உங்கட மகனுக்குத்தான். கோயிலுக்கில்லை."

"உங்கள் அண்ணை?"

"அண்ணையை நான் பாக்கிறன்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். அழவில்லை.

"நான் கொடுத்தால், அத்தனை பேரையும் விற்றவன் நான்தான் ஆவேன்" என்றார். "அந்த மரத்தில் இருக்கிற ஒருவரும் செய்யாததை நான் செய்கிறேன். வயலைக் கொடுத்தார்கள், கோட்டையை விற்றார்கள். செத்தவர்களை ஒருவரும் விற்கவில்லை. எலும்பை எல்லாம் எடுத்து ஊர்ச் சேமக்காலையில் ஒரே குழியில் வைப்பார்களாம். குருவானவர் பலிபீடத்துக் கல்லை எடுத்துவிடுவார். பிறகு அது வெறும் கட்டடம்."

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் ஊர் பல வருடம் இராணுவ வலயத்துக்குள் இருந்தது. திறந்துவிட்ட பிறகு போய்ப் பார்த்தால், சேமக்காலை இருந்த இடம் தெரியாமல் பற்றைக்காடு. அப்பாவும் அம்மாவும் எந்த இடத்தில் கிடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு பொது இடத்தில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தோம். இங்கே இருந்து அவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறேன். அது போய்ச் சேரவில்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

"உங்கட ஆக்களுக்கு ஒரு குழியும், மேல ஒரு சிலுவையும், குருவானவர் ஒருவரும் இருக்கு" என்றேன். "அவையளுக்குக் கூரை தேவைப்படாது. நீங்கள் விழுந்து காலை முறிச்சால், உங்களைத் தூக்கிக்கொண்டு இந்த நாலு மாடியும் ஏற மத்தேயோவுக்கு ஏலாது."

அவர் கையை நீட்டினார். பேனாவைக் கேட்கிறார் என்று தெரிந்து கொடுத்தேன். கார்ட்டையும் வாங்கினார். எந்த வரி என்று கேட்டார், காட்டினேன். கட்டுப்போட்ட கையால் மெதுவாக ஒரு கோடு போட்டார். நேர்க்கோடாக வரவில்லை. திரும்பவும் அதன்மேலே போட்டார். பிறகு கார்ட்டை என்னிடம் தந்துவிட்டு, ஐஸ் பையை நிலத்தில் போட்டார்.

அண்ணைக்கு ஃபோனில் சொன்னது அடுத்த நாள். அவர் வேலையில் நின்றார். சாப்பாட்டுக் கூடத்தில் பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

"பிள்ளை, நான் அறுநூறு பேருக்குச் சொல்லிப்போட்டன். கனடாவுக்கும் சொல்லிப்போட்டன். உனக்கு ஒரு கோட்டை கிடைச்சுது. நீ அதை ட்ராமில மறந்து விட்டிட்டு வந்து நிக்கிறாய்."

"கோட்டை எங்களுக்குக் கிடைக்கேல்லை அண்ணை. அந்த மனுசனுக்கே இல்லை."

"கோயிலாவது இருந்துதே. அவர் திருத்திறன் எண்டு தானே சொன்னவர்? ஆர் கட்டாயப்படுத்தினது?"

"நாங்கள்தான்."

"நான் ஒரு சொல்லும் கட்டாயப்படுத்தேல்லை. பூர்வீகம் கேட்டன். அது கேக்கிறதுதானே முறை."

"ஓம் அண்ணை, கேக்கிறது முறைதான். அவர் கேட்டதுக்கெல்லாம் பதிலும் சொன்னவர். இப்ப ஏணியால விழுந்து கிடக்கிறார். நாளைக்குக் கூரையால விழுந்தால், அறிவித்தல் எழுதப்போறதும் நீங்கள்தான்."

அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அண்ணை கெட்ட மனிதர் இல்லை. எங்கள் காணி பூமி எல்லாம் கையைவிட்டுப் போன பிறகு, அடுத்தவர் காணியைக் கேட்டாவது மனம் ஆறுகிற ஆள். அவரும் களைத்துப்போனவர்தான்.

"சரி, அப்ப என்ன போடுறது? தொழில் போடவோ? ஓய்வுபெற்ற ட்ராம் ஓட்டுநர் எண்டு?"

"போடலாம்."

"எங்கட ஆக்கள் கார்ட்டில ட்ராம் எண்டு ஒருத்தரும் போட்டதில்லை."

"அப்ப ஒண்டும் போடாதேங்கோ."

"பெயரை மட்டும் போட்டால் அநாதை மாதிரிக் கிடக்குமடி."

"கீசிங்கை வதிவிடமாகவும் எண்டு போடுங்கோ. அது உண்மை."

மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு புது மாதிரி வந்தது. தங்க எழுத்தைக் கறுப்பாக மாற்றியிருந்தார். மியூனிக் கீசிங்கை வதிவிடமாகக் கொண்ட திரு எத்தோரே மொந்தெவெல்லா அவர்களின் ஏக புத்திரன். இடம், எங்கள் பங்குக் கோயில், உயிர்த்த ஞாயிறு கழிந்து வரும் சனிக்கிழமை. திரு என்பதை மட்டும் அண்ணை கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டிருந்தார். 

ஒக்டோபரில் எத்தோரே கையெழுத்து வைக்கப் போனார். மத்தேயோ கூடப் போகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டார். வியாழக்கிழமை மத்தியானம், நான் வேலையால் வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருக்க, மணி அடித்தது. பஸ் தரிப்பிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். எங்கள் வீடு கீழ்மாடி. தன் வீட்டுப் படிகளை இன்றைக்கு நினைக்க ஏலாமல் இருந்தது என்றார். சப்பாத்தில் வெள்ளை மண் காய்ந்து கிடந்தது.

தேத்தண்ணி கொடுத்தேன். முடிந்ததா என்று கேட்டேன். முடிந்தது என்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கையெழுத்து வைக்கச் சில நிமிடம்தானாம். அதற்கு முதல் எலும்புகளை எடுத்து, பெட்டிகளில் வைத்து, ஊர்ச் சேமக்காலைக்குக் கொண்டுபோனார்கள். குருவானவரும் கூலியாட்கள் இருவரும் இவரும்தான். குழிக்குப் பக்கத்தில் நின்று, மூத்தவர் தொடங்கி எல்லாருடைய பெயரையும் வாசிப்பது அவர்கள் குடும்பத்து வழக்கமாம். பாதியில் இவருக்குக் கால் விட்டுவிட்டது. கூலியாட்கள் ஒரு வாளியைக் கவிழ்த்து, இருங்கள் என்று சொன்னார்கள். இருந்துகொண்டு வாசித்தார். பிறகு தொண்டையும் விட்டுவிட்டது.

"மிச்சப் பேரை ஆண்டவர் அறிவார் என்று குருவானவரிடம் சொன்னேன்" என்றார். "அவர் சரி என்று மண்ணைப் போடச் சொன்னார்."

"அவர் அறிவார்தான்" என்றேன்.

நான் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், சோற்றுக்கு அரிசி கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தேன். சோஃபாவில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சப்பாத்தைக் கழற்றுவோமா என்று யோசித்து, எழும்பிவிடுவார் என்று விட்டுவிட்டேன். ஜெசிகா வேலையால் வந்து கதவைத் திறந்தாள்.

"அம்மா, எத்தோரே மாமா ஏன் இஞ்ச...?"

"மெல்லக் கதை" என்றேன். "சாப்பாட்டுக்கு எழுப்புவம். இப்ப படுக்கட்டும்."

அவள் போட்டிருந்த தன் கோட்டைக் கழற்றி அவருடைய காலின் மேல் போட்டுவிட்டு, என்னோடு குசினிக்குள் வந்து வெங்காயம் உரித்தாள்.